பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஜன்னல்

அந்தத் தையல் ஆலையில் சுவரில் ஆணி அடிக்க வந்தவன்கூட அங்குலத்தைக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பான். அங்குலம் என்பது ஆலை அவளுக்கு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே நகர்ந்து வழிவிடுவாள். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது ஊரார் பேச்சு. அங்குலம் முதலில் ஆற்றை அளந்துவிட்டு, பிறகுதான் போடுவதா வேண்டாமா என்று யோசிப்பாள்.

அவள் வேலை இதுதான்: துணியில் கத்தி படுவதற்கு முன், உடுப்பின் ஒவ்வொரு துண்டையும் கணினியில் வரைய வேண்டும். முன்பக்கம், முதுகு, கை, காலர், பை மூடி. ஒரு அளவுக்கு வரைந்ததைப் பிறகு எல்லா அளவுக்கும் பெருக்கிச் சுருக்கி, ஆளுயரக் காகிதத்தில் அச்சடித்து வெட்டுகிறவரிடம் கொடுக்க வேண்டும். இப்படிப் பத்தொன்பது வருஷம் வரைந்த துண்டுகள் அத்தனையும் ஒரே ஒரு மென்பொருளுக்குள் கிடந்தன. அதைச் செய்து விற்ற நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போய்ப் பல வருஷமாகிறது. போனால் என்ன? சரக்கு நல்ல சரக்கு. சாம்பல் நிறத்தில் ஒரு ஜன்னல், சுற்றிலும் குட்டிக் குட்டிப் பொத்தான்கள். எந்தப் பொத்தான் எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் விரலுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை, தீயணைப்புக்காரர்களின் கோட்டுக்குப் பதினோரு அளவு போட உட்கார்ந்தாள். பழைய கணினி ஒரு தும்மல் தும்மியது. பின்னால் மெல்லிய புகை வந்தது. அவ்வளவுதான்.

"தீயணைப்புக்காரன் கோட்டுக்கு இது நல்ல சகுனம்தான்" என்றார் வெட்டுகிறவர். கத்தி பிடித்துப் பிடித்து நாக்கும் கூர்மையாகிவிட்ட மனிதர்.

புதுக் கணினி ஒன்று உறை பிரிக்காமல் முதலாளி அறையில் இருந்தது. கொண்டுவந்து வைத்தார்கள். பழைய கணினியின் வட்டைக் கழற்றி அதில் மாட்டி, மென்பொருளை அழுத்தினால், ஒரே ஒரு வரி வந்தது: ஏதோ ஒன்றைக் காணவில்லையாம், அதனால் ஓட மாட்டேன் என்றது. இன்னொரு தடவை அழுத்தினாள். காணாமல் போனது திரும்பி வரவில்லை.

முதலாளி கெட்டவர் அல்ல. சிரிப்பதற்கு முன் அந்தச் சிரிப்பு எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்க்கிறவர், அவ்வளவுதான். இப்படித் துண்டு வரைகிற வேலையை, அதாவது பேட்டர்ன் வேலையை, வெளியில் செய்து தரும் நிறுவனம் ஒன்று ஆறு மாதமாய் அவரைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதன் ஆள் எந்த வெயிலிலும் டை கட்டி வருவதால் ஆலையில் அவருக்கு டை என்றே பெயர்.

"அங்குலம்மா, வியாழக்கிழமை மதியம் பன்னெண்டுக்குத் துணியில கத்தி வைக்கணும்" என்றார் முதலாளி. "அதுக்குள்ள உன் சாமான் எந்திரிச்சா சரி. இல்லன்னா டை கிட்ட குடுத்துடறேன். கோட்டு மட்டும் இல்ல, பேட்டர்ன் வேலை மொத்தமும். அரைக் கடை அங்க, அரைக் கடை இங்கன்னு என்னால நடத்த முடியாது."

"அப்ப நான்?"

"பட்டன் எண்ணற இடத்துல ஆள் வேணும்னு சொன்னாங்க."

பத்தொன்பது வருஷம் அளந்தவளைப் பட்டன் எண்ணச் சொன்னால் எப்படி இருக்கும்? முதலாளி அதை ஏளனமாய்ச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையோடு சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது.

உதவி கேட்க ஒரே ஆள்தான் இருந்தாள். அவளிடம் கேட்பதற்குப் பட்டனே எண்ணிவிடலாம் என்றும் தோன்றியது. அங்குலத்தின் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. பெண் பார்த்துவிட்டு வந்தபோது, "பொண்ணு கன்டெய்னர்ல வேலை பாக்குது" என்று கொழுந்தன் சொல்ல, குடும்பமே துறைமுகம் என்று நினைத்துக்கொண்டது. கப்பலில் ஏற்றும் பெட்டி இல்லை, கணினிக்குள் கட்டும் பெட்டி என்று புரிவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. சின்னவள் வந்த புதிதில் அங்குலம் அவளைப் பார்த்து, "அதென்னம்மா, காத்துல பெட்டி கட்டற வேலை" என்று கேட்டாள். சின்னவள் சிரித்துக்கொண்டே, "அக்காவோடது காகிதத்துக்குச் சட்டை தைக்கிற வேலை மாதிரிதான்" என்றாள். அன்றைக்கு வைத்த தையல். அதற்குப் பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் பேசுவதில் தேன் ஒழுகும். எறும்புகூட நம்பாத தேன்.

திங்கள் சாயங்காலம் போனை எடுத்தாள்.

"என்னக்கா, அதிசயமா இருக்கு. கொழுந்தன் நம்பரைத் தேடி எனக்குப் போட்டுட்டீங்களா?"

"சும்மாதான். எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்."

"கம்ப்யூட்டர் எல்லாம் நல்லா இருக்கா?"

சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் வாய்த்த கிராக்கியை உடனே விடுவாளா? "என் கம்ப்யூட்டருக்கு என்னக்கா, ஜம்முனு இருக்கு" என்று நிறுத்திக்கொண்டாள்.

"என்னுது செத்துப்போச்சும்மா" என்றாள் அங்குலம். குரல் நூல் பிரிந்த மாதிரி வந்தது.

கேலி அத்தோடு நின்றது. "நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றேன்" என்றாள் சின்னவள். "பழைய டிஸ்க்கை யாரும் தொடாதீங்க. துடைக்கக்கூடத் துடைக்காதீங்க."

செவ்வாய்க்கிழமை காலை மடிக்கணினியோடு வந்து இறங்கினாள். பழைய வட்டு கரகரவென்று சத்தம் போட்டது. இருமுகிற ஆளிடம் சாட்சி வாங்குவது போல அதனிடமிருந்து எல்லாவற்றையும் பதறாமல், பொறுமையாய்ப் படியெடுத்தாள். கடைசிக் கோப்பு வந்து சேர்ந்ததும் வட்டு சத்தத்தை நிறுத்தியது. மறுபடி அது பேசவே இல்லை.

"உங்க சாஃப்ட்வேருக்கு ஒரு நோயும் இல்லக்கா" என்றாள் சின்னவள். "அது பழைய வீட்டுல பழகின மருமக. உப்பு எந்த அலமாரி, மிளகாய் எந்த டப்பான்னு கை பழகிப்போச்சு. புது வீட்டுல அலமாரி எல்லாம் மாறிடுச்சு. கையை நீட்டுது, ஒண்ணும் அகப்படல. கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

"அதுக்குன்னு பழைய வீட்டையே கட்டுவியா?"

"முழு வீடு எதுக்கு? அலமாரியை மட்டும் அப்படியே பழைய மாதிரி அடுக்கி, நாலு பக்கம் தடுப்பு வச்சுடுவேன். அடுப்பு புது கம்ப்யூட்டரோடதுதான். உள்ள இருக்கறது தன்னைப் பழைய வீட்டுலயே இருக்கறதா நினைச்சுக்கும். அந்தத் தடுப்புக்குப் பேர்தான் கன்டெய்னர்."

"அதாவது, புதுக் கோட்டுக்குள்ள பழைய உள்துணி வச்சுத் தைக்கிறே."

சின்னவள் தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இதை எங்க ஆபீஸ்ல புரிய வைக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சுக்கா."

அங்குலம் அதைக் காதில் வாங்காத மாதிரி நாடாவைச் சுருட்டினாள். ஆனால் நாற்காலியை ஒரு சாண் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எந்த வருஷத்து அமைப்பு, அதில் எந்தெந்தத் துணைக் கோப்புகள் என்று ஒரு பட்டியல் எழுதினாள் சின்னவள். கணினி அதைப் படித்துப் படித்துப் பழைய சாமான்களை எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து பெட்டிக்குள் அடுக்கியது. ஒன்றைக் காணோம் என்றது, சேர்த்தாள். இன்னொன்றைக் காணோம் என்றது, சேர்த்தாள். கடைசியில் அங்குலத்தின் பத்தொன்பது வருஷத்தையும் உள்ளே வைத்தாள். பெட்டியை ஓட விட்டாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"ஓடுதுக்கா."

"எங்க?"

"உள்ள."

"ஷட்டரை இழுத்து மூடிக்கிட்டு உள்ள சரக்கு இருக்குன்னு சொன்னா எவன்மா வாங்குவான்?"

"அதேதான் பிரச்சினை. பெட்டிக்கு ஜன்னல் கிடையாது. உள்ள இருக்கறது படம் வரையத் திரையைத் தேடுது. திரையோ பெட்டிக்கு வெளியில இருக்கு. சுவர்ல ஒரு துளை போட்டு, திரையோட பேச ஒரு வழி குடுக்கணும்."

துளை போட்டாள். இப்போது திரை மறுத்தது: நீ யார், உன்னை எனக்குத் தெரியாதே என்றது.

"பரவால்ல, முன்னேற்றம்தான்" என்றார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வெட்டுகிறவர். "இவ்வளவு நேரம் ஆள் இல்லன்னாங்க. இப்ப ஆள் இருக்கு, வாசல்ல நிக்க வச்சிருக்காங்க."

"இதுக்கு ஒரு சுலப வழி இருக்கு" என்றாள் சின்னவள். "யார் வேணா வரலாம், என் திரையில யார் வேணா எழுதலாம்னு கதவை அகலத் திறந்து போட்டுடலாம். ஒரே வரி. அவசரத்துல பாதிப் பேர் அதைத்தான் செய்வாங்க. அப்புறம் நீங்க என்ன தட்டறீங்க, திரையில என்ன இருக்குன்னு வர்றவன் போறவன் எல்லாம் பாத்துக்கிட்டிருப்பான். அதை நான் செய்ய மாட்டேன். இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் ஒரு அனுமதிச் சீட்டு எழுதி, அதை உள்ள அனுப்பறேன்."

அவள் அந்தச் சீட்டை எழுதிய விதத்தைத்தான் அங்குலம் கவனித்தாள். அவசரமில்லை. ஒரு எழுத்து அதிகம் இல்லை, ஒரு எழுத்து குறைவு இல்லை. நல்ல தையல்காரி பட்டன் துளை வெட்டுவது அப்படித்தான்: பட்டன் நுழைய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, அதற்கு மேல் ஒரு இழை வெட்டமாட்டாள். காற்றில் பெட்டி கட்டுகிறவள் என்று நாம் சொன்னோமே, இவளுக்கும் கையில் அளவு இருக்கிறதே என்று முதல்முறையாகத் தோன்றியது.

சாம்பல் நிற ஜன்னல் திறந்தது.

புதுத் திரையின் நடுவே, எதுவும் நடக்காத மாதிரி, அதே பொத்தான்களோடு அப்படியே நின்றது. துண்டுகளின் பெயர்கள் மட்டும் கட்டம் கட்டமாய் இருந்தன. "எழுத்துரு உள்ள இல்ல" என்று சின்னவள் அதையும் கொண்டுபோய் வைத்தாள். கட்டங்கள் 'முதுகு' என்றும் 'காலர்' என்றும் மாறின. பாராட்டு என்பது அங்குலத்தின் கடையில் எடை போடாத சரக்கு. எங்கே வைத்தோம் என்று தேடவேண்டியிருந்தது.

"டீ குடிக்கறியா?" என்றாள்.

சின்னவளுக்கு அதுவே போதுமாய் இருந்தது. போகிறபோது இரண்டு விஷயம் சொன்னாள். "வேலை முடிஞ்ச படத்தை எல்லாம் 'வாசல்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுல போடுங்க. அது மட்டும்தான் பெட்டிக்கு வெளியில இருக்கு. இன்னொண்ணு, வேலை முடியறவரை ஜன்னலை மூடாதீங்க. மூடினா பெட்டியே போயிடும். உள்ள நீங்க மாத்தினது எல்லாம் அதோட போயிடும்."

புதன்கிழமை காலை அங்குலம் குளித்து முடித்த புத்துணர்ச்சியோடு உட்கார்ந்தாள். முதல் வேலையாக 'நிஜ அளவு' பொத்தானை அழுத்தினாள். அழுத்தினால் துண்டு எத்தனை அங்குலமோ திரையிலும் அத்தனை அங்குலமே தெரியும். பிறகு அவள் செய்ததைக் கணினி தெரிந்தவர்கள் யாரும் செய்ய மாட்டார்கள். நாடாவை எடுத்துத் திரைமேல் வைத்து அளந்தாள்.

பத்தொன்பது வருஷமாய் அளக்கிறாள். ஒரு தடவை சென்டிமீட்டரும் அங்குலமும் மாறி எண்ணெல்லாம் பொய் சொன்னபோது, முந்நூறு சட்டையைக் காப்பாற்றியது திரைமேல் வைத்த இந்த நாடாதான். எண் என்பது யாரோ சொல்வது, நாடா என்பது உள்ளது. வியாபாரி சொல்லும் எடையை நம்பி வீட்டுக்குப் போவீர்களா?

காலரின் பாதித் துண்டு எட்டரை அங்குலம் என்று எண் சொன்னது. நாடா நாலேகால் என்றது.

மறுபடி வைத்தாள். நாலேகால். பை மூடியை அளந்தாள், பாதி. கைப்பட்டியை அளந்தாள், பாதி. துணிக்காரிக்கு இதில் புதிர் என்ன இருக்கிறது? எதையும் புது இடத்தில் நனைத்து எடுத்தால் சுருங்கும். பருத்தி மூன்று சதவீதம், சிலது ஐந்து. பெட்டிக்குள் போட்டு எடுத்ததில் இது ஐம்பதே சுருங்கியிருக்கிறது. சின்னவள் கெட்டிக்காரிதான், ஆனால் முதல் சலவைக்கு யார் பொறுப்பு?

அந்த மென்பொருளில் அதற்கென்றே ஒரு இடம் உண்டு: சுருங்குவதை ஈடுகட்ட எவ்வளவு பெருக்க வேண்டும் என்று கேட்கும். மூன்றும் ஐந்தும் போட்டுப் பழகிய கை, நூறு என்று போடும்போது ஒரு கணம் தயங்கியது. பிறகு போட்டாள். நாடாவை வைத்தாள். எட்டரை! கணக்கு நேரானது. பக்கத்தில் இருந்த எண்ணை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று சுருங்கினால் பக்கத்தில் மடித்து வைத்ததும் சுருங்கியிருக்கும் அல்லவா? எதிலும் முழுமையாய் நிற்கிறவள், கோட்டோடு நிறுத்தவில்லை. பத்தொன்பது வருஷத்தில் வரைந்த அத்தனை துண்டுகளுக்கும் ஒரே அழுத்தில் நூறு போட்டுச் சேமித்தாள். நிச்சயமா என்று மென்பொருள் கேட்டது. நிச்சயம் என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு அளவும் போட்டு முடித்து, படங்களை 'வாசலில்' வைத்தாள். ஜன்னலை மூடாமல் வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, அச்சு எந்திரம் முதல் காலரைத் துப்பியது. வெட்டுகிறவர் அதைக் கத்தரித்துக் கையில் எடுத்தார். பார்த்தார். இரண்டு பாதியையும் சேர்த்துத் தன் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். கச்சிதமாய் உட்கார்ந்தது.

"அக்கா, இது எந்த ஊர் தீயணைப்புப்படை?" என்றார். "இந்தக் கழுத்து இருந்தா தண்ணி லாரியே வேணாமே. அந்தாளே ஒரு ஏரியைக் குடிச்சுட்டு வந்து துப்பிடுவான்."

அங்குலம் சிரிக்கவில்லை. காகிதத்தில் நாடாவை வைத்தாள். பதினேழு. திரையில் முதுகுத் துண்டைத் திறந்தாள். எண் இரண்டு மடங்கு. மருத்துவமனைச் சீருடையைத் திறந்தாள், இரண்டு மடங்கு. எட்டு வருஷத்துக்கு முன் வரைந்த மழைக்கோட்டு, அதுவும். பழசின் மேலேயே எழுதிவிட்டாள். பழைய வட்டு ஊமையாய்க் கிடந்தது. தன் கையாலேயே அத்தனையையும் கெடுத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு அலுவலகம் போகலாமென்று, தோளில் மடிக்கணினிப் பையும் கையில் ஹெல்மெட்டுமாகச் சின்னவள் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள்.

"உன் பெட்டி எல்லாத்தையும் சுருக்கிடுச்சு!" என்றாள் அங்குலம். "நான் நூறு பர்சென்ட் ஏத்தினேன். இப்ப ஊதிப்போச்சு. எல்லாத்து மேலயும் எழுதிட்டேன்டி, எல்லாத்து மேலயும்!"

"சுருங்கிச்சா? எப்படித் தெரியும்?"

"அளந்தேன்."

"எதால?"

அங்குலம் நாடாவைத் தூக்கிக் காட்டினாள். சின்னவள் நாடாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். சிரிப்பு உதடு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை, முகம் மாறிவிட்டது.

"நீங்க அளந்தது சரிக்கா. தப்பு என்னுது. பெட்டிக்கு அங்குலம் தெரியாது, புள்ளிதான் தெரியும். பழைய திரையில ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளின்னு வச்சிருந்த கணக்கையே இன்னும் வச்சிருக்கு. புதுத் திரையில புள்ளி ரெண்டு மடங்கு நெருக்கம். துண்டு சுருங்கல, பாக்கறதுக்குத்தான் பாதியாத் தெரியுது."

அங்குலம் அந்தப் பதற்றத்திலும் ஒரு நொடி நின்றாள். "மெல்லிசுத் துணியில நூல் எண்ணி முழம் போட்ட மாதிரி. நூல் நெருக்கமா இருந்தா முழம் குட்டையாத்தானே வரும்."

"அதேதான்."

"தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? போனது போனதுதானே."

"ஜன்னலை மூடுங்க."

"மூடினா மாத்தினது எல்லாம் போயிடும்னு நீதானே சொன்னே?"

"போகணும்னுதானே சொல்றேன். நூறு போட்டதும் ஒரு மாத்தம்தானேக்கா. பெட்டி வார்க்கறதுக்குன்னே நான் ஒரு அச்சு செஞ்சு வச்சிருக்கேன். நேத்து நீங்க அழிச்சது அந்த அச்சை இல்ல. அச்சுல வார்த்த ஒரு பெட்டியை. அச்சு செவ்வாய்க்கிழமை நான் செஞ்ச மாதிரியே இருக்கு, ஒரு கோடு கூடத் தொடாம. இதைத் தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு வார்த்துக்கலாம்."

"பதினோரு அளவும்?"

"அதுவும்தான்" என்றாள் சின்னவள். நேற்று முழுவதும் உழைத்த உழைப்பும் அந்தப் பெட்டியோடுதான் போகும். வாசலில் வைத்த படங்களும் யானைக்குத்தான் ஆகும். சுவரில் மணி எட்டே முக்கால்.

சரக்கு நனைந்த மூட்டையை வைத்துக்கொண்டு அழுகிற வியாபாரியை அங்குலம் பார்த்திருக்கிறாள். அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடையைத் திறந்தவனையும் பார்த்திருக்கிறாள். மவுஸைப் பிடித்தாள். மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள். சாம்பல் நிற ஜன்னல் மறைந்தது. அந்த இரண்டு நொடி திரை வெறுமையாய் இருந்ததை அவள் பிறகு எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்லவில்லை.

சின்னவள் ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். ஜன்னல் வந்தது. காலர்: எட்டரை. முதுகு, மழைக்கோட்டு, மருத்துவமனைச் சீருடை, எல்லாம் நேற்று யாரும் தொடாத எண்ணில், ஒரு குழந்தை முகத்தோடு நின்றன.

"நாடாவைக் குடுங்க" என்றாள் சின்னவள்.

"எதுக்கு?"

"திரையோட அகலத்தைப் பெட்டிக்குச் சொல்லணும். நிஜமா அளந்துதான் சொல்லணும்."

அங்குலம் நாடாவைக் கொடுக்கவில்லை, தானே அளந்தாள். அகலம், உயரம், இரண்டையும் கால் அங்குலம் பிசகாமல் சொன்னாள். சின்னவள் கணக்குப் போட்டு ஒரு எண்ணை எழுதி, ஜன்னலை மறுபடி மூடித் திறந்தாள். அங்குலம் நாடாவை வைத்தாள். எண் எட்டரை என்றது, நாடாவும் எட்டரை என்றது.

"நீ ஆபீஸ் போ. நேரமாச்சு."

"போறேன்" என்று சொன்ன சின்னவள் போகவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஏனென்றால் அங்குலம் வேலையைத் தொடங்கியிருந்தாள். நேற்று ஒரு பகல் எடுத்த வேலை. நேற்று யோசித்த யோசனை எல்லாம் கையில் இருந்தது. தோளை ஒரு கீற்று நகர்த்தினால் கை எவ்வளவு இறங்க வேண்டும், வயிறு பெருத்தவனுக்கு முன்பக்கம் எங்கே வளைய வேண்டும், ஏணி ஏறுகிறவனுக்கு அக்குளில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஒன்றையும் எழுதிப் பார்க்கவில்லை. விரல் பொத்தானைத் தேடிப் போகவில்லை; பொத்தான்தான் விரலுக்குக் கீழே வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. சின்னவள் இரண்டு தடவையும் துண்டித்தாள்.

"அக்கா, இந்த சாஃப்ட்வேரை எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாத்தணும்னு செவ்வாய்க்கிழமை ஒரு நிமிஷம் யோசிச்சேன்."

"இப்ப?"

"இப்ப யோசிக்கல."

"வாயைப் பாத்துக்கிட்டு உக்காராம அந்தக் காகிதத்தைச் சுருட்டு."

பதினொன்றே முக்காலுக்குப் பதினோராவது அளவு வாசலுக்கு வந்தது. வெட்டுகிறவர் மேஜையில் துணியை அடுக்கடுக்காய் விரித்துக் காத்திருந்தார். முதல் காலரைக் கத்தரித்து, ஆளுயரப் பொம்மையின் கழுத்தில் சுற்றினார். பொம்மைக்கு வியர்க்காது, அதனால் ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு விரல் போனது, இரண்டாவது போகவில்லை. இடுப்பில் கட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்க நினைத்தவர், அங்குலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

பன்னிரண்டுக்கு முதலாளி வந்தார். கூடவே டை.

முதலாளி காகிதத்தைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். நல்ல சரக்கைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பது பரம்பரை வழக்கம், சுளித்தார். "சரி, எந்திரிச்சுடுச்சு. நாளைக்கு இந்தக் கம்ப்யூட்டரும் புகைஞ்சா? மறுபடி மூணு நாளா?"

சின்னவள் தன் மடிக்கணினியைத் திறந்து, கட்டிங் மேஜையின் ஓரத்தில் வைத்தாள். அச்சின் இன்னொரு பிரதி அதிலும் இருந்தது. சொடுக்கினாள். அதே சாம்பல் ஜன்னல், அதே பொத்தான்கள், அதே காலர், அங்கேயும் திறந்தது. முதலாளி அந்தத் திரையையும் இந்தத் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே கடையை இரண்டு தெருவில் ஒரே நேரத்தில் திறந்து வைத்த வித்தையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"ஒரு கம்ப்யூட்டர் புகைஞ்சா இன்னொண்ணு. கால் மணி நேரம்" என்றாள் சின்னவள். "ஆனா திரையை அளக்க அக்கா வரணும்."

முதலாளி டையைப் பார்த்துத் திரும்பினார். "உங்க சாமான்ல எங்க பழைய பேட்டர்ன் எல்லாம் திறக்குமா?"

"புதுசா வரைஞ்சு தந்துடுவோம் சார்."

"சரி, புதுசா வரைஞ்சது பத்து வருஷம் கழிச்சுத் திறக்குமா?"

டை நல்ல மனிதர். பொய் சொல்ல ஒரு நொடி எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டார். "அது... அப்ப நாங்க என்ன சாஃப்ட்வேர் வச்சிருப்போம்னு இப்ப சொல்ல முடியாது சார்."

"இது திறந்திருக்கு" என்றார் முதலாளி. அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி வந்தால் கடைக்கு நஷ்டம். வெட்டுகிறவரைப் பார்த்து, "அப்ப என்ன, கையைக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க? வெட்டுங்க" என்றார்.

கத்தி எந்திரம் உறுமியது. காகிதத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டு அடுக்குத் துணிக்குள் இறங்கி, முதல் முதுகின் வளைவில் திரும்பியது. இனி அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அங்குலம் நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

டை மெல்லச் சின்னவள் பக்கம் நகர்ந்தார். "மேடம், எங்க கம்பெனியிலயும் ஒரு பழைய சாஃப்ட்வேர் இருக்கு. ஆள் போயிட்டான், புது மெஷின்ல எந்திரிக்க மாட்டேங்குது..."

சின்னவள் பதில் சொல்லும் முன் அங்குலம் குறுக்கே வந்து நின்றாள்.

"அவகிட்ட நேரா பேசக்கூடாது" என்றாள். "எங்க வீட்டுப் பொண்ணு. உலகத்துல இந்த வேலையை இவ்வளவு சுத்தமாச் செய்யறவ எத்தனை பேர்னு தெரியுமா உங்களுக்கு? என்கிட்ட பேசுங்க."

சின்னவள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டாள். உள்ளே முகம் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.